வீட்டைச் சுற்றி வாழும் உயிர்களைப் படமெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

சுவரில் நெல்மணி அளவுக்கு ஒரு சிலந்தி. வலை பின்னிக் காத்திருக்கும் வகை அல்ல; இரை கண்ணில் பட்டால் எம்பிக் குதித்துப் பிடிக்கும். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் பெரும்பாலும் ஓடாது. உடம்பைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கும். முன்னால் உருண்டையாக இரண்டு பெரிய கண்கள், அவற்றின் இருபுறமும் சின்னதாக ஒவ்வொன்று, தலையின் மேற்புறம் இன்னும் நான்கு. காட்டுயிர்ப் படம் பழக இதைவிடத் தோதான உயிர் கிடைப்பது அரிது. இந்தச் சிலந்தியின் கண்ணைத் துல்லியமாக எடுக்கப் பழகிவிட்டால் பட்டாம்பூச்சி, ஓணான், அணில் எல்லாவற்றுக்கும் கை தயாராகிவிடும்.

படி 1: கேமராவை எடுக்காமல் ஒரு வாரம் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, உயிரினத்தைத் துரத்துவது. துரத்தினால் கிடைப்பது வால் பக்கம்தான். அதற்குப் பதில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: பூச்செடி உள்ள மூலை, மதில் சுவர், மாடித் தொட்டி, தெருவோரப் புதர் எதுவானாலும் சரி. தினமும் 15 நிமிடம் அங்கே உட்கார்ந்து மூன்று விஷயங்களை மட்டும் குறித்துவையுங்கள். எத்தனை மணிக்கு, எது வந்தது, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்தது.

நான்கு நாளில் ஒழுங்கு பிடிபடும். தட்டான்கள் பல ஒரே குச்சி நுனிக்குத் திரும்பத் திரும்ப வந்து அமரும். பறந்து போனாலும் நீங்கள் நகராமல் இருந்தால் போதும். அணிலுக்கு மதில் மேல் வாடிக்கையான வழி உண்டு. ஓணான் வெயில் காய ஒரு கம்பத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். எலுமிச்சை இனச் செடி இருந்தால் இலையின் மேற்பரப்பைப் பாருங்கள். பறவை எச்சம் போல வெள்ளையும் பழுப்புமாக ஒட்டியிருப்பது வால்சிறகுப் பட்டாம்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். வளர்ந்தபின் அதுவே பச்சையாக மாறும். சீண்டப்பட்டால் தலைக்குப் பின்னாலிருந்து வாடை வீசும் கொம்பு போன்ற உறுப்பை நீட்டும். அதற்காகச் சீண்ட வேண்டாம். எறும்போ குளவியோ நெருங்கும்போது தானே நீட்டும், காத்திருங்கள்.

அந்தந்த மண்ணுக்குரிய செடிகளை வளர்ப்பது எந்த லென்ஸையும்விடப் பலன் தரும். புழுக்கள் பல குறிப்பிட்ட சில செடிகளை மட்டுமே தின்னும். அந்தச் செடி இல்லையென்றால் அந்தப் பட்டாம்பூச்சி தேன் குடிக்க வரலாமே தவிர முட்டையிடாது.

படி 2: தண்ணீர் வையுங்கள்

3 முதல் 5 செ.மீ. ஆழமுள்ள அகலமான மண்தட்டு போதும். நடுவில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் கல் ஒன்று வையுங்கள்; தேனீயும் சிறு குருவியும் அதில் நின்றுதான் குடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும். இல்லையென்றால் கொசுப் புழு வரும், பறவைகளுக்கு நோயும் பரவும்.

தட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விரல் தடிமனில் ஒரு காய்ந்த கிளையை நட்டுவையுங்கள். பறவைகள் நேராகத் தட்டில் இறங்குவது குறைவு. முதலில் பக்கத்தில் அமர்ந்து நாலாபுறமும் பார்க்கும், பிறகுதான் இறங்கும். நமக்கு வேண்டிய படம் அந்தக் கிளையில் இருக்கிறது. கிளைக்குப் பின்னால் சுவரோ செடியோ 3, 4 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். அப்போதுதான் பின்னணி மென்மையாகக் கலங்கி, பறவை தனித்துத் தெரியும்.

படி 3: கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்

மொபைல் மட்டும் இருந்தால் பல்லி, ஓணான், பட்டாம்பூச்சி, சிலந்தி என்று தொடங்குங்கள். தூரத்துப் பறவைக்கு மொபைலை நம்ப வேண்டாம். திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது, லென்ஸின் எல்லை தாண்டியபின், எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது போலத்தான். சில மொபைல்கள் பொருளை நெருங்கியதும் தானாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். மொபைலின் நிழல் பூச்சி மேல் விழும், அது ஓடிவிடும். அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிட்டு, சற்றுப் பின்னால் நின்று 2 அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். இரவுப் பயன்முறையையும் அணைத்துவையுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால் அசையும் உயிர் பேய்நிழலாகப் பதியும்.

கேமரா இருந்தால் பறவைக்கு 300 மி.மீ. வரை எட்டும் ஜூம், பூச்சிக்கு 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் (மிக நெருக்கத்தில் எடுக்க உதவுவது). இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். ஒரு வாரக் குறிப்பேட்டில் எது அதிகம் வந்ததோ அதற்கானதை மட்டும் பாருங்கள். முக்காலியைவிட, தானியமோ மணலோ நிரப்பிய துணிப்பை மதில் மேலும் ஜன்னல் விளிம்பிலும் அதிகம் உதவும்.

படி 4: கேமரா அமைப்பு

ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழும் நேரம்; 1/500 என்றால் ஒரு விநாடியில் ஐநூறில் ஒரு பங்கு) நீங்கள் வையுங்கள், ஐஎஸ்ஓவைக் (கேமரா ஒளியை உணரும் அளவு; கூடினால் படம் மணல்மணலாகும்) கேமராவிடம் விட்டுவிடுங்கள். மேல் எல்லையாக 3200 வைத்தால் தொடக்கத்துக்குச் சரி.

- பூவில் அமர்ந்த பட்டாம்பூச்சி: 1/500
- கிளையில் அமர்ந்த பறவை: 1/500 முதல் 1/1000
- பறக்கும் பறவை, பூ முன் சிறகடிக்கும் தேன்சிட்டு: 1/2000 அல்லது அதற்கு மேல்
- ஓணான், பல்லி: 1/250

படம் சற்று மணல்மணலாக வந்தாலும் பரவாயில்லை. புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், அசைந்து கலங்கிய படத்தைத் திருத்த முடியாது.

பறவைக்கு அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப்/5.6 சுற்றி வைக்கலாம். பூச்சிக்கு எஃப்/8 முதல் எஃப்/11. காரணம் இதுதான்: பூச்சி சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) அதன் உண்மை அளவிலேயே பதியும் நெருக்கத்தில், முழு பிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. கண் தெளிந்தால் வால் கலங்கும். எஃப்/16 தாண்டினால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுக்கக் கூர்மை குறையத் தொடங்கும்.

வெள்ளைக் கொக்கு போன்றவற்றை எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 அளவு குறையுங்கள். இல்லையேல் இறகின் வரிகள் வெளுத்து அழிந்துவிடும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட காகத்துக்கு 1 முதல் 1.7 வரை கூட்டுங்கள்.

படி 5: நெருங்குவதும் ஃபோகஸ் செய்வதும்

3 மீட்டர் தூரத்திலேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு குனிந்து இரண்டு அடி வைத்து நில்லுங்கள், மறுபடி ஒரு படம். உங்கள் நிழல் அதன் மேல் விழாத பக்கமாகப் போங்கள். பட்டாம்பூச்சி பறக்க நிழலே போதும். பறவை இரை பொறுக்குவதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது மீண்டும் இரை பொறுக்கினால் மட்டும் அடுத்த அடி.

கண்தான் தெளிவாக இருக்க வேண்டும். ஃபோகஸ் புள்ளியை ஒன்றாகக் குறைத்து அதைக் கண்ணின் மேல் வையுங்கள். மிக நெருக்கத்தில் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அப்போது கைமுறை ஃபோகஸுக்கு மாற்றி, தூரத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மூச்சை விட்டபடி உடம்பை மெதுவாக முன்னே சாய்த்துத் தொடர் படங்கள் எடுங்கள். பத்தில் இரண்டு தேறினால் நல்ல கணக்கு. பட்டாம்பூச்சியின் சிறகுக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் முழுச் சிறகும் தெளிவாக வரும்; சிறிது சாய்த்தாலும் ஒரு ஓரம் கலங்கும்.

உயரத்தைக் கவனியுங்கள். நின்றபடி கீழே பார்த்து எடுத்த ஓணான் படத்தில் முதுகும் தரையும்தான் இருக்கும். தரையில் முழங்கை ஊன்றி, அதன் கண் உயரத்துக்கு லென்ஸை இறக்கினால் முகம் கிடைக்கும்.

ஜன்னலே மறைவிடம்

வெட்கப்படும் பறவைகளுக்கு வீட்டு ஜன்னலைவிட நல்ல மறைவிடம் இல்லை. அறை விளக்கை அணையுங்கள். கண்ணாடியை இருபுறமும் துடைத்து, லென்ஸ் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) கண்ணாடியைத் தொடும்படி நேராக வையுங்கள். சாய்வாக எடுத்தால் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், கூர்மையும் போகும்.

படம் ஏன் கலங்கியது?

பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் இருக்கும் இலை தெளிவு, பறவை மட்டும் கலங்கல் என்றால் ஃபோகஸ் தவறியது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியது. பறவை அமர்ந்த கிளை தெளிவு, தலை மட்டும் இரட்டை என்றால் அது அசைந்தது. ஷட்டர் வேகத்தை இருமடங்காக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் புகைமூட்டமாக இருந்தால் லென்ஸைத் துடைக்கவில்லை, அல்லது உச்சி வெயிலில் சூட்டில் காற்று அலையடித்திருக்கிறது. காலை முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு, நிழலும் கடுமையாக விழாது. இரவெல்லாம் குளிர்ந்த பூச்சிகள் அப்போது சிறகை விரித்து வெயில் காயும், எளிதில் பறக்காது.

செய்யவே கூடாதவை

முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை நெருங்காதீர்கள், மறைக்கும் இலையை ஒதுக்கவோ வெட்டவோ வேண்டாம். தாய் விலகும் சில நிமிடங்களில் வெயிலும் காகமும் குஞ்சைக் கொன்றுவிடக்கூடும். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைப்பது கொடுமை. அதன் கால் மடங்கும் விதத்திலேயே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி புகுந்ததாக நினைத்து இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும். பாம்பு என்றால் எந்த இனமானாலும் தூரத்திலிருந்து ஜூம் மட்டும்.

எடுத்தபின்

ஒரே உயிரை மேலிருந்து, பக்கவாட்டில், முகம் என மூன்று கோணத்தில் எடுத்து, தேதி, நேரம், அமர்ந்திருந்த செடி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இனம் கண்டறிய மற்றவர்கள் உதவுவார்கள். உங்கள் தெருவில் இன்ன உயிர் இன்ன நாளில் இருந்தது என்பதும் பதிவாகும். ஏற்றும்போது இருப்பிடத்தை மங்கலாக்கும் தேர்வை வையுங்கள், அதுவே உங்கள் வீட்டு முகவரியையும் மறைக்கும். கூட்டமாக அடையும் மரம், ஆந்தைப் பொந்து போன்றவற்றின் படத்தை வேறெங்கும் பகிர்வதானால், மொபைல் தானாகவே கோப்பில் சேர்த்துவைத்த இடக்குறிப்பை முதலில் நீக்கிவிடுங்கள்.