குளம் நிறையத் தாமரை, செடி எத்தனை?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தைப் பார்க்கிறவர்கள், "ஆயிரம் செடி இருக்கும் போலிருக்கே" என்பார்கள். முதல் தவறு அங்கேதான். கோடையில் தண்ணீர் இறங்கியதும் கரையோரம் ஓர் இலைக் காம்பைப் பிடித்துச் சேற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரல் தடிமனில் வெள்ளைக் கொடி ஒன்று தட்டுப்படும். அப்படியே தடவிக்கொண்டு போனால் ஒரு கணு, அதில் ஓர் இலை, ஒரு மொட்டு, மறுபடியும் கொடி, அடுத்த கணு. குளம் முழுக்கப் பரவியிருப்பது ஒரே செடியாகக்கூட இருக்கலாம். இலையை எண்ணிச் செடியைக் கணக்குப் போட முடியாது.

இது ஏன் முக்கியம்? மரபணு ஒன்றே என்றால் பலவீனமும் ஒன்றே. ஒரு நோய் தாக்கினால் மொத்தக் குளமும் படுத்துவிடும். தாமரைப் பூவும் வேறு செடியின் மகரந்தத்துக்குத்தான் வழி வைத்திருக்கிறது: மலர்ந்த முதல் நாள் சூலகம் தயாராக இருக்கும், தன் மகரந்தம் அப்புறம்தான் உதிரும். பக்கத்துப் பூவும் அதே கொடியில் பூத்ததென்றால் அந்த ஏற்பாடு வீண்தானே?

அடுத்த தவறு, விதை போட்டால் தாய்ச் செடியே வரும் என்று நம்புவது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே பொகுட்டிலிருந்து, அதாவது பூ உதிர்ந்தபின் நிற்கும் விதைக் கூட்டிலிருந்து, ஆறு கொட்டை எடுத்து, வாசல் படியில் மேல் ஓட்டைத் தேய்த்து, உள்ளே வெளுப்புத் தெரிந்ததும் தண்ணீரில் போட்டேன். நான்கு முளைத்தன. தொட்டியில் பூத்தபோது ஒன்று நல்ல அடர் சிவப்பு, இன்னொன்று நுனி மட்டும் சிவந்த வெளிறல். அதே பூ வேண்டுமானால் கொடி நடுங்கள். புது ரகம் வேண்டுமானால் விதை போடுங்கள். குளத்துக்கு இரண்டுமே தேவை.

பெயர்க் குழப்பத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அல்லியும் தாமரையும் உறவே இல்லை. அல்லி இலையில் பிளவு இருக்கும், காய் தண்ணீருக்குள் முதிரும். தாமரை இலை முழு வட்டம், பொகுட்டு மேலே நிமிர்ந்து நிற்கும். பரிணாமப் பாதையில் தாமரைக்குச் சொந்தம், ஊட்டித் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் காஷ்மீரத்துச் சினார் மரமும். கடையில் தாமரை விதை என்று விற்கும் மக்கானா அல்லிக் குடும்பம். வாய்க்காலை அடைக்கும் வெங்காயத் தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த வேறொன்று. நீலத் தாமரை விதை என்று இணையத்தில் விற்றால் வாங்காதீர்கள். நீலம் அல்லி வகையில்தான் உண்டு.

உலகில் தாமரை இனம் இரண்டே: ஆசியாவில் நம்முடையது, வட அமெரிக்காவில் மஞ்சள் பூப்பது. இரண்டையும் கலந்து உருவாக்கிய ஒட்டு ரகங்கள் இன்று நர்சரிகளில் கிடைக்கின்றன. தொட்டியில் வையுங்கள், அழகுதான். கோயில் குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கலந்த பிறகு பழைய நாட்டு வகையைப் பிரித்தெடுக்க முடியாது. சீனத்தில் கிழங்குக்கு, விதைக்கு, பூவுக்கு என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அங்கே கடுங்குளிர், கிழங்கு தடித்தால்தான் பிழைக்கும். நம் வெயிலில் அந்த அவசியமில்லை, அதனால் கொடி மெலிந்தே ஓடும். கிழங்கு தடிக்கவில்லை என்று நம் தாமரையைக் குறை சொல்வது நியாயமில்லை.

எனக்கு மனம் வலிக்கும் தவறு தூர்வாரும்போது நடப்பது. ஜேசிபி இறங்கி வண்டல் முழுவதையும் அள்ளி வயலுக்கு அனுப்பிவிடும். அந்தச் சேற்றில் பழைய தலைமுறைக் கொட்டைகள் உறங்கிக் கொண்டிருக்கும். வடகிழக்குச் சீனாவில் வற்றிய ஏரிப் படுகையில் கிடைத்த, சுமார் 1300 வருஷத்து விதைகூட முளைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் ஒரே இடத்துக் கொடியைக் கொண்டுவந்து குளம் முழுக்க நட்டால், இருந்த பலவகை ஒருவகை ஆகிவிடும்.

தூர்வாரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மூலையைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். அள்ளிய வண்டலிலிருந்து கருப்பாக, கல் மாதிரி கெட்டியான கொட்டைகளைப் பொறுக்கி வையுங்கள். பக்கத்து ஊர்க் குளங்களில் செந்தாமரை, வெண்தாமரை இருந்தால் மூன்று நான்கு இடத்துக் கொடிகளை வாங்கி, மேட்டூர்த் தண்ணீர் வந்து சேறு இளகியதும் தள்ளித் தள்ளி நடுங்கள்.