இன்பிளான்ட் ட்ரெயினிங்: சின்ன யூனிட்டின் கேட்டுக்குப் போங்கள்

கோடை விடுமுறையில் தொழிற்சாலைப் பயிற்சி முடிக்க வேண்டிய மெக்கானிக்கல் மாணவர்கள் பலரும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகளின் எச்.ஆருக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பதில் வராது. பெரிய கம்பெனிதான் வேண்டுமென்றால் 2 மாதம் முன்பே ப்ளேஸ்மென்ட் அதிகாரி வழியாகக் கடிதம் போக வேண்டும். அது போகட்டும், கூடவே இன்னொரு வழியிலும் முயலுங்கள்.

அம்பத்தூர், கோவை குறிச்சி, ஓசூர், திருச்சி துவாக்குடி எல்லாவற்றிலும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள், அதாவது மற்ற கம்பெனிகளுக்காகப் பாகங்கள் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைகள், தெருத்தெருவாக இருக்கின்றன. எச்.ஆர். கிடையாது; முதலாளி சரி என்றால் அன்றைக்கே வேலை முடிந்தது. கற்றுக்கொள்ளவும் இவைதான் நல்ல இடம். பெரிய ஆலையில் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பீர்கள். இங்கே நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரையே கையில் கொடுப்பார்கள். அம்பத்தூரில் அய்மா, கோவையில் கொடிசியா, ஓசூரில் ஹோஸ்டியா என்று உற்பத்தியாளர் சங்கங்கள் உண்டு. அங்கே விசாரித்து 10 யூனிட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள்: கியர், பம்ப், காஸ்டிங், ஷீட் மெட்டல்.

கையில் போனஃபைட் கடிதம் (நீங்கள் அந்தக் கல்லூரி மாணவர்தான் என்று கல்லூரி தருவது) 5 பிரதி, துறைத்தலைவர் (எச்.ஓ.டி.) கையெழுத்தும் சீலும் போட்டு. அதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்கட்டும். 'கோடை விடுமுறையில்' என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பயிற்சி இடைவெளியில்லாமல் தொடர வேண்டும் என்பதால் ப்ராக்டிகல் தேர்வு முடிகிற தேதியைப் பார்த்தபிறகு நாளைக் குறியுங்கள். உதவித்தொகை கேட்கவில்லை என்று ஒரு வரி வேண்டும். கல்லூரியின் விபத்துக் காப்பீட்டு நகலை மறக்காமல் இணையுங்கள். முதலாளி தயங்குவதற்குப் பெரிய காரணமே, உங்கள் விரல் மெஷினில் மாட்டினால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான்.

காலை பத்தரை மணிவாக்கில் போங்கள்; அதற்குள் ஷிப்ட் வேலையைப் பிரித்துக் கொடுத்து முடித்திருப்பார்கள். மாதக் கடைசி வேண்டாம், டிஸ்பாட்ச் நெருக்கடி. செருப்போடு போகாதீர்கள், ஷூ போடுங்கள்.

முதலாளி மேசையில் கிடக்கும் ட்ராயிங்கை நீட்டி, "இது என்னப்பா?" என்று உங்களைக் கேட்கலாம். தண்டின் (ஷாஃப்ட்) மேல் 25, பக்கத்தில் சின்ன எச், 7 (25 h7) என்று இருந்தால் அதன் விட்டம் 24.979 முதல் 25.000 மி.மீ. வரை இருக்கலாம். பெரிய எச் (25 H7) என்றால் துளை, 25.000 முதல் 25.021 வரை. 0.02 மி.மீ. மீச்சிற்றளவுள்ள வெர்னியரால் இதைச் சரிபார்க்க முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும். இவ்வளவு சொல்லத் தெரிந்தாலே பேச்சு மாறிவிடும். முந்தின இரவு ஃபிட் (தண்டும் துளையும் பொருந்தும் விதம்), டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) பாடத்தை ஒருமுறை புரட்டுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு, நாள் முழுக்க பி.பி.டி. காட்டிச் சான்றிதழ் தரும் சென்டர்கள் பக்கம் போகாதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 'எந்த மெஷின், என்ன மெட்டீரியல், என்ன ஸ்பீடு' என்று கேட்டால் வாயடைத்துப் போகும்.

சேர்ந்தபின் தினமும் ஒரு பக்கம் டைரி: பாகம், மெட்டீரியல், டூல், ஆர்.பி.எம்., ரிஜெக்ட் ஆனது எத்தனை, ஏன். ட்ராயிங்கைப் போனில் படமெடுக்காதீர்கள். அது வாடிக்கையாளருடையது, அதோடு உங்கள் பயிற்சியே நின்றுபோகலாம். கடைசி நாளுக்கு 3 நாள் முன்பே சான்றிதழின் வாசகத்தை டைப் செய்து கொடுத்துவிடுங்கள். பெயர், பதிவு எண், இரு தேதிகள் மூன்றும் போனஃபைடில் உள்ளபடியே இருக்க வேண்டும். லெட்டர்பேடில் கையெழுத்தும் சீலும் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.