நண்பரைச் சாட்சியாக்காதீர்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறோம். பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் கடவுள் மறுப்பாளர்கள். நான் கத்தோலிக்கன், மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். நம்பிக்கையில் வேறுபட்ட நண்பரிடம் பழகும்போது, புதிதாக வரும் பிள்ளைகள், இருபது வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கத்தாதே, கேலி பேசாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நம் வீட்டுக் குறையை மறைப்பது

"உங்க கோயிலுக்குள்ளேயே சாதி இருக்கே" என்று கேட்டால் உடனே மழுப்புகிறோம். புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்திய சுவரைப் பற்றி, பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1745-லேயே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். "ஆமாம், இருந்தது" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும். கடவுள் மறுப்பு வளர்ந்ததில் விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-ல் ஒப்புக்கொண்டது. நமக்கு என்ன தயக்கம்?

"படிச்சவங்க, இன்னுமா நம்புறீங்க?"

கேட்காதீர்கள்.

நண்பரைச் சாட்சியாக்குவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

வில்லியனூர் மாதா கோயில் திருவிழா. என் அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் தனியாக நடக்க முடியாது. அச்சகத்தில் வேலை பார்த்த என் நண்பர், பெரியார் தொண்டர், தானாகவே கூட வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் குளத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போனார். அம்மா ஜெபம் சொல்லி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஜெபக்குழுவில் நான் எழுந்து சாட்சி சொன்னேன், அதாவது கடவுள் செய்ததாக நம்புவதை எல்லோர் முன்னும் சொன்னேன். "கடவுளே இல்லை என்றவர் மாதா முன்னால் கண்ணீர் விட்டார்." எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். ஒரே வாரத்தில் அது அவருடைய தோழர்கள் காதுக்குப் போய்விட்டது.

அவர் என்னிடம் சண்டை போடவில்லை. "எங்கம்மா ஞாபகம் வந்துச்சு, கண் கலங்குச்சு. அதை எதுக்குய்யா கூட்டத்துல வித்தே?" என்றார். அப்புறம் ஏழு மாதம் பேச்சு இல்லை. அதே ஜெபக்குழுவில் எழுந்து, நான் சொன்னது தவறு, அவர் வந்தது என் அம்மாவுக்காக மட்டும்தான் என்று சொன்ன பிறகே அவர் வீட்டுப் படி ஏறினேன்.

சைவ மடத் தலைவர் குன்றக்குடி அடிகளார் கொடுத்த திருநீற்றைப் பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். அது மனிதருக்குக் கொடுத்த மரியாதை. அதைப் பக்தி என்று திரிப்பவர்கள் செய்வதும் நான் செய்ததும் ஒன்றுதான்.

மறுபக்கமும் இதைச் செய்கிறது. அப்பா இறந்த பிறகு தன்னால் ஜெபிக்க முடியவில்லை என்று ஒரு பெண் தன் தோழனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். போன மாதம் அவன் அத்தனை பேர் நடுவில், "இவங்களே நம்பலை, கேளுங்க" என்று அதை எடுத்துப் போட்டான். அவள் எழுந்து போனாள். இந்த மாதம் வரவில்லை. அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் அவளுடையது. அதை எங்கே, யாரிடம் சொல்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

"உனக்காக ஜெபிக்கிறேன்"

முதலில் கேளுங்கள். என் நண்பர் "உன் இஷ்டம்" என்பார். சிலருக்கு வலிக்கும்.

என்றாவது மாறிவிடுவார் என்று காத்திருப்பது

அவருக்கு அது தெரிந்துவிடும்.

இதை எழுதலாமா என்று நண்பரிடம் கேட்டேன். எழுதியதைக் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். அவருடைய அம்மாவைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுத்தார். அவை இங்கே இல்லை.