சிடி இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே லினக்ஸ் நிறுவும்போது எங்கே தவறுகிறோம்?

டிவிடி டிரைவ் பழுதாகி, பென்டிரைவிலிருந்தும் பூட் ஆகாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதில் ஏற்கெனவே ஒரு பழைய லினக்ஸும், கணினியைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் மெனுவும் இருந்தால், ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்த ஐஎஸ்ஓ கோப்பிலிருந்தே (நிறுவல் டிஸ்க்கின் முழு நகல்) புதிய உபுண்டுவையோ மின்ட்டையோ நிறுவிவிடலாம். நான் இப்படிப் பல தடவை செய்திருக்கிறேன். ஆனால் கவனம் தப்பினால் இது நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிற கதையாகிவிடும். நிறுவும் நிரல் எந்த டிஸ்க்கிலிருந்து ஓடுகிறதோ, அதே டிஸ்க்கில்தான் அது கை வைக்கப்போகிறது.

அதனால் ஐஎஸ்ஓவை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புதிய லினக்ஸ் போகவிருக்கும் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியில், அதை வைக்கக் கூடாது. டவுன்லோட்ஸ் கோப்புறையில் இறங்கியதை அப்படியே விட்டுவிட்டு, பிறகு அந்தப் பார்ட்டிஷனையே ஃபார்மட் செய்யப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் அமைந்த பார்ட்டிஷனும் உதவாது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, உபுண்டு 24.04 ஐஎஸ்ஓவோ 5 ஜிபிக்கு மேல். விண்டோஸ் பார்ட்டிஷனில் வைப்பதானால் அது விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கக் கூடாது, க்ரப்பால் அதைப் படிக்க முடியாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிட்டு முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் பார்ட்டிஷன் பாதி உறக்கத்திலேயே இருக்கும்.

அடுத்தது, பலரும் மணிக்கணக்கில் திணறுகிற இடம். ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்ய க்ரப் மெனுவில் ஒரு புதிய வரியைச் சேர்க்கிறோம். அதைத் தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் ஓடும், அப்புறம் ஒரு கருப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் (கெர்னலோடு நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) என்று நின்றுவிடும். ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி டவுன்லோட் செய்வார்கள். கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை இறக்கிய உடனேயே சரிபார்த்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. உண்மையில் ஐஎஸ்ஓவை இரண்டு பேர் தனித்தனியாகத் தேடுகிறார்கள். முதலில் க்ரப், லூப்பேக் கட்டளையால் அந்தக் கோப்பை ஒரு டிஸ்க் போலத் திறந்து, அதற்குள் இருக்கும் காஸ்பர் கோப்புறையிலிருந்து லினக்ஸின் மையநிரலான கெர்னலை எடுக்கிறது. கெர்னல் ஓடத் தொடங்கியதும் க்ரப் விலகிவிடும். இப்போது கெர்னலோடு ஏறிய இனிட்ராம்எஃப்எஸ் அதே ஐஎஸ்ஓவை மறுபடியும் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்காகத்தான் கெர்னல் வரியில் ஐசோ-ஸ்கேன் என்ற அளபுருவில் (கெர்னலுக்குத் தரும் குறிப்பு) பாதையை இன்னொரு முறை எழுதுகிறோம்.

அந்தப் பாதை, ஐஎஸ்ஓ இருக்கும் பார்ட்டிஷனின் வேரிலிருந்து தொடங்க வேண்டும். பயனர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் பாதையில் 'ஹோம்' என்ற சொல்லே வராது. பயனர் பெயரிலிருந்துதான் தொடங்கும். டெர்மினலில் தெரியும் பாதையை அப்படியே நகலெடுத்துப் போடுவதால் வருகிற பிழை இது.

பழைய கட்டுரைகளிலிருந்து மெனு வரிகளை எடுப்பதும் ஆபத்துதான். பழைய க்ரப்பில் பார்ட்டிஷன் எண் 0-இல் தொடங்கும், க்ரப் 2-இல் 1-இல் தொடங்கும். டிஸ்க் எண் மட்டும் இரண்டிலும் 0-தான். காஸ்பருக்குள் இருக்கும் கோப்புகளின் பெயரும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. ஐஎஸ்ஓவைத் திறந்து உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். எழுதும் இடமும் முக்கியம்: க்ரப்பின் முதன்மை அமைப்புக் கோப்பில் நேராக எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். 40_கஸ்டம் என்ற கோப்பில் எழுதி, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டுவதே சரி.

டெபியன் விஷயம் வேறு. அதன் வழக்கமான நிறுவல் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கெர்னலை இப்படி ஏற்றினால், அது சிடியைத்தான் தேடும். டெபியன் தளத்தில் எச்டி-மீடியா என்ற பெயரில், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நிறுவுவதற்கான தனி கெர்னலும் அதனோடு ஏற்றும் இனிட்ஆர்டி கோப்பும் கிடைக்கின்றன, அவற்றை எடுங்கள். அவையும் ஐஎஸ்ஓவும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

சரி, நிறுவல் திரை வந்துவிட்டது. "டிஸ்க்கை முழுவதும் அழி" என்ற தேர்வை இந்த முறையில் தொடவே கூடாது. ஐஎஸ்ஓ இருக்கும் பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருப்பதால், அதை விடுவிக்கட்டுமா என்று நிரல் கேட்கலாம். அதைக் கட்டாயப்படுத்தி விடுவிக்கக் கட்டளைகள் உண்டு, ஆனால் எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. தேவையான பார்ட்டிஷன்களை முந்தைய நாளே உருவாக்கி வைத்துக்கொண்டால் பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றும் தேவையே வராது. விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதாக இருந்தால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். ராம் தாராளமாக இருந்தால் டுராம் என்ற அளபுருவைச் சேர்த்து எல்லாவற்றையும் நினைவகத்துக்கு ஏற்றிவிடலாம். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் உபுண்டுவுக்கு அது நடக்காது.

யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த பூட் முறை) உள்ள கணினியில், பூட் கோப்புகளுக்கான இஎஸ்பி என்ற சிறிய பார்ட்டிஷனை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், விண்டோஸின் பூட் கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் க்ரப்பின் கோப்புகள் பழைய லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் இருக்கின்றன. அதன் மேலேயே புதியதை நிறுவும்போது நடுவில் கரண்ட் போனால், க்ரப் தன் கோப்புகளைக் காணாமல் நிற்கும் க்ரப் ரெஸ்க்யூ என்ற வரிதான் மிஞ்சும். சிடியும் பென்டிரைவும் உதவாத கணினியில் அங்கிருந்து மீள்வது மிகக் கடினம். இடம் இருந்தால் புதியதை வேறு பார்ட்டிஷனில் போடுங்கள். அது இரண்டு மூன்று முறை ஒழுங்காக பூட் ஆகி, விண்டோஸும் திறந்ததைப் பார்த்த பிறகு பழைய லினக்ஸையும் ஐஎஸ்ஓவையும் அழித்துக்கொள்ளலாம்.