சேலைக் கடை வெப்சைட்டைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? நீங்களே கணக்குப் போடலாம்

சின்னாளப்பட்டியில் சேலை வியாபாரம் செய்யும் என் சித்தப்பா, தன் ஆன்லைன் கடையைப் புதுப்பிக்க மூன்று பேரிடம் விலை கேட்டார். ஒருவர் 35,000 ரூபாய் என்றார், இன்னொருவர் 90,000, மூன்றாமவர் இரண்டரை லட்சம். "இதுல யாருப்பா ஏமாத்துறாங்க?" என்று எனக்கு போன் போட்டார். யாரும் ஏமாற்றவில்லை. "சைட்டை மாத்தணும்" என்று மட்டும்தான் இவர் சொல்லியிருக்கிறார். மூவரும் மூன்று வேறு வேலைகளை நினைத்துக்கொண்டு விலை சொல்லிவிட்டார்கள்.

அதனால் விலை கேட்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினோம். அந்தக் கணக்குதான் இது.

படி 1: எதை மாற்றப் போகிறீர்கள்?

தீம், அதாவது சைட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. பக்க அமைப்பையே மாற்றுவது சுவரை இடித்துக் கட்டுவது. ஆன்லைன் கடை நடத்த உதவும் மென்பொருளையே மாற்றி, வூகாமர்ஸிலிருந்து ஷாப்பிஃபைக்குப் போவது என்றால் வீடே மாறுகிறது: வாடிக்கையாளர்களின் பழைய பாஸ்வேர்டுகள் கூட வராது, பொருள் பக்கங்களின் இணைய முகவரிகளும் மாறிவிடும். சித்தப்பா வூகாமர்ஸிலேயே இருந்துகொண்டு பக்க அமைப்பை மாற்ற முடிவு செய்தார்.

படி 2: பக்க வகைகளை எண்ணுங்கள்

340 சேலைக்கு 340 பக்கம் இருந்தாலும் வடிவமைப்பு ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் ஏழே வகை. மொபைலுக்கும் சேர்த்து நான் போட்ட மணிக்கணக்கு: முகப்பு 16, சேலை வகைப் பக்கம் 14, தனிச் சேலைப் பக்கம் 20, கார்ட் (வாங்கத் தேர்ந்தெடுத்த சேலைகள் சேரும் பக்கம்) 8, பணம் செலுத்தும் பக்கம் 16, வாடிக்கையாளர் கணக்கு 8, வெறும் எழுத்துப் பக்கங்கள் 4. மொத்தம் 86 மணி நேரம். மணிக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 51,600. உங்கள் ஊர் ரேட்டைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பக்கங்களில் கடை முகவரி, திருப்பி அனுப்பும் விதிகள், புகார்களைக் கவனிப்பவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். 2020-இல் வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகள் இவற்றைக் கேட்கின்றன.

படி 3: சரக்கு விவரம்

எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான். புதிய சைட்டில் நிறத்தை வைத்துத் தேடும் வசதி வேண்டும் என்றார் சித்தப்பா. சரி, பழைய சைட்டில் நிறம் எங்கே இருக்கிறது? "அழகிய நீலச் சேலை" என்று தலைப்புக்குள். அது எம்.எஸ். நீலமா, மயில் கழுத்தா? டெவலப்பருக்கு எப்படித் தெரியும்? ப்ளவுஸ் துணி சேர்ந்து 6.3 மீட்டரா, இல்லை ப்ளவுஸ் இல்லாமல் 5.5 மீட்டரா என்பதும் அப்படித்தான். இதைக் கடைக்காரர்களே சொல்ல முடியும்.

பத்துச் சேலைக்கு விவரம் நிரப்பி, கையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். சேலைக்கு 12 நிமிடம். 340 சேலைக்கு 68 மணி நேரம்! கடைப் பெண் ஒருவருக்கு மணிக்கு 150 ரூபாய் கொடுத்தால் 10,200. மங்கலாக இருந்த 120 சேலைகளை மறுபடி படமெடுக்க, சேலைக்கு 100 வீதம் 12,000.

படி 4: கண்ணுக்குத் தெரியாத வேலை

சேலை வகைகளைப் புதிதாகப் பிரித்து அடுக்கினால் சில முகவரிகள் மாறும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்ப 301 ரீடைரெக்ட் போட வேண்டும், குறைந்தது ஒரு வருடமாவது அதை வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. இதை விட்டுவிட்டால், கூகுள் தேடலில் வந்துகொண்டிருந்த ஆட்கள் "பக்கம் இல்லை" என்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ரீடைரெக்ட், பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), கூரியர் இணைப்பு எல்லாம் சேர்த்து 20 மணி நேரம்: 12,000. சோதனைக்கு 14 மணி: 8,400. சோதனை என்றால் நிஜமாகவே ஒரு சேலை வாங்கி, பணம் கட்டி, அப்புறம் ரீஃபண்டும் கேட்டுப் பார்ப்பது.

படி 5: கூட்டுங்கள்

இதுவரை 94,200. "அந்த பேனரை மட்டும் கொஞ்சம்..." என்று நடுவில் ஆரம்பிப்போம் இல்லையா, அதற்கு 15 சதவீதம், அதாவது 14,130. டெவலப்பர் வேலை (படி 2, படி 4) 72,000-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 12,960. ஆக மொத்தம் 1,21,290. ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் இட வாடகை), டொமைன் (சைட்டின் பெயர்), பிளகின் (கூடுதல் வசதி தரும் மென்பொருள்) புதுப்பிப்பு போன்ற ஆண்டுச் செலவைத் தனியே எழுதுங்கள், இதோடு கலக்காதீர்கள்.

இந்தப் பட்டியலையே மூவருக்கும் அனுப்பி, வரிக்கு வரி விலை கேட்டோம். 35,000 சொன்னவர் தீம் மாற்ற மட்டும்தான் அந்த விலை என்றார். இரண்டரை லட்சக்காரர் மொபைல் ஆப்பையும் சேர்த்திருந்தார். அதை எடுத்ததும் விலை பாதிக்கும் கீழே வந்தது.

சித்தப்பா புரட்டாசியிலேயே தொடங்கிவிடலாம் என்றார். தீபாவளி ஆர்டர் வரும் நேரத்தில் சைட் ஒரு நாள் படுத்தால் அந்த நஷ்டம் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. முகூர்த்தம் இல்லாத மார்கழிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.