இன்டெல் மேக் கணினியை அழித்து, அதனுடன் வந்த இயங்குதளத்தையே மீண்டும் நிறுவுதல்

இன்டெல் செயலி கொண்ட மேக் கணினியை வாங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டுபோக விரும்புபவர்கள், அதைத் தொடங்கும்போது எந்த விசைகளை அழுத்துகிறோம் என்பதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். கமாண்ட், ஆர் விசைகளை மட்டும் அழுத்தினால் கணினியில் கடைசியாக இருந்த மேக்ஓஎஸ் இயங்குதளப் பதிப்பு வரும். ஆப்ஷனையும் சேர்த்தால் அக்கணினிக்குப் பொருந்தும் மிகப் புதிய பதிப்பு வரும். ஷிப்ட், ஆப்ஷன், கமாண்ட், ஆர் ஆகிய நான்கையும் ஒருங்கே அழுத்தினால்தான் கணினியுடன் வந்த பதிப்போ, அது இப்போது கிடைக்காவிட்டால் அதற்கு மிக நெருங்கிய பதிப்போ வரும். ஆப்பிளின் சொந்தச் செயலி கொண்ட ஆப்பிள் சிலிக்கான் கணினிகளுக்கு இந்த விசைகள் பொருந்தா.

அழிப்பதற்கு முன் காப்புநகல் எடுத்தால் மட்டும் போதாது, அதைத் திறந்தும் பார்க்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், புகைப்படங்களின் முழு அளவுப் பிரதிகள் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் மட்டுமே இருக்கக்கூடும். அப்போது மேக்கின் காப்புநகல் வசதியான டைம் மெஷின் எடுத்த நகலில் அவை இரா. ஆகவே காப்புநகல் உள்ள வெளிவட்டை வேறொரு கணினியில் பொருத்தி, சில படங்களையும் ஆவணங்களையும் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலைக்குச் செல்லுங்கள். இதற்குச் செலவாகும் அரை மணி நேரத்தை நான் ஒருபோதும் வீணென்று கருதியதில்லை.

பிறகு, தொலைந்த கருவியைக் கண்டறிய உதவும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து, ஐகிளவுடிலிருந்து வெளியேறுங்கள். டி2 என்னும் ஆப்பிளின் பாதுகாப்புச் சில்லு உள்ள கணினிகளில் இதைச் செய்யாமல் அழித்துவிட்டால், ஆக்டிவேஷன் லாக் என்னும் பூட்டு குறுக்கே நின்று, கணினியைப் பெறுபவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கலாம். டி2 இல்லாத கணினியில் திடநிலை வட்டு (எஸ்எஸ்டி) இருந்தால், அழிப்பதற்கு முன்பே வட்டிலுள்ள தரவைத் திறவுகோலின்றிப் படிக்க முடியாதபடி மாற்றும் ஃபைல்வால்ட் குறியாக்கத்தை இயக்கி, அது முழுமையாக முடியும்வரை காத்திருப்பது நல்லது. குறியாக்கத் திறவுகோல் அழிந்துவிட்டால், எஞ்சிக் கிடக்கும் தரவை எவராலும் படிக்க இயலாது.

இனி கணினியை அணைத்து, மின்னிணைப்பில் வைத்து, மீண்டும் இயக்கிய உடனே அந்த நான்கு விசைகளையும் அழுத்திப் பிடியுங்கள். திரையில் சுழலும் உலக உருண்டை தோன்றினால், மீட்பு மென்பொருளை இணையத்திலிருந்து பெறக் கணினி முயல்கிறது என்று பொருள். அப்போது விசைகளை விட்டுவிடலாம். வைஃபை வலையமைப்பைக் கேட்டால் தேர்ந்தெடுங்கள்.

மீட்புப் பட்டியல் வந்ததும் வட்டுகளைக் கையாளும் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, காட்சிப் பட்டியில் எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி அமைத்து, இடப்பக்கத்தில் உள்வட்டுக்குரிய வரிசையில் மேலே இருக்கும் வட்டின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். வெளிவட்டு எதுவும் பொருத்தப்பட்டிருக்கவில்லை என்பதை இந்த இடத்தில் இன்னொருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் காப்புநகலையே தவறுதலாக அழித்துவிடும் வாய்ப்பு இங்குதான் இருக்கிறது. அழிக்கும்போது வட்டைப் பிரிக்கும் முறையாக (ஸ்கீம்) ஜியுஐடியைத் தேர்ந்தெடுங்கள். நிறுவப்போவது 2017இல் வந்த ஹை சியரா அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், திடநிலை வட்டுக்கு ஏபிஎஃப்எஸ் என்னும் கோப்பு வடிவம் (ஃபார்மேட்) ஏற்றது. அதற்கு முந்தையது என்றால் மேக் ஓஎஸ் எக்ஸ்டென்டட் வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஸ்க் யுடிலிட்டியை மூடிவிட்டு, மீண்டும் நிறுவும் கட்டளையைக் கொடுங்கள். நிறுவல் கோப்பு சேதமடைந்தது என்றோ, அதைச் சரிபார்க்க இயலவில்லை என்றோ செய்தி வந்தால் அஞ்ச வேண்டாம். பழைய கணினிகளில் கடிகாரம் பின்தங்கியிருப்பதாலும் இப்படி நேர்வதுண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் தேதியைப் பார்த்துத் திருத்திவிட்டு, மறுபடி முயலுங்கள்.

கணினியை நீங்களே வைத்துக்கொள்வதானால், நிறுவி முடித்த கையோடு கிடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைச் சேர்த்துவிடுங்கள். பிறருக்குக் கொடுப்பதானால், வரவேற்புத் திரையில் எதையும் நிரப்பாமல் கமாண்ட், கியூ விசைகளை அழுத்தி அணைத்துவிடலாம்; அதைப் பெறுபவர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வார்.