வீடு, காணி விக்கப் படம் எடுக்கேக்க நாங்க விடுற பிழைகள்

திருகோணமலையில ஒரு வீட்டையோ காணியையோ விக்கப் போடுறம் எண்டால் அதை முதல்ல பாக்கிற ஆள் அனேகமா இங்க இருக்க மாட்டார். கனடா, லண்டன், சுவிஸ், இல்லாட்டிக் கொழும்பு, எங்கயோ ஒரு இடத்தில வேலை முடிஞ்சு வந்து கட்டில்ல படுத்துக்கொண்டு போனைத் தட்டித் தட்டிப் பாக்கிற ஒராள்தான் அவர். அவரால வந்து கேற்றைத் திறந்து பாக்கேலாது, நீங்க போடுற பத்துப் பன்னிரண்டு படம்தான் அவருக்கு அந்த வீடு. இதை நினைச்சுக்கொண்டு எடுத்தாலே பாதிப் பிழை வராது.

அலஸ்தோட்டத்தில எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒராள் தன்ர வீட்டைத் தானே படம் எடுத்துப் போட்டவா. நல்ல வீடு, பெரிய யன்னல், காத்து அப்பிடி வரும். ரெண்டு நாள் கழிச்சு போன் எடுத்து, "தம்பி, வீட்டுக்குள்ள வெளிச்சமே இல்லையோ எண்டு கேக்கிறாங்கள், ஏன் அப்பிடி?" எண்டா. படத்தைப் பாத்தால் யன்னல் மட்டும் வெள்ளையா எரியுது, ஹோல் முழுக்க இருட்டுக் குகை மாதிரி. அவா விட்டது ஒரே பிழைதான், யன்னலுக்கு நேர நிண்டு எடுத்தது. கமராவுக்கு நம்மட கண் மாதிரி வெளியையும் உள்ளையும் ஒரே நேரத்தில சமாளிக்கத் தெரியாது, வெளிச்சம் கூடின பக்கத்தைப் பிடிச்சு மற்றதைக் கறுப்பாக்கிப் போடும். யன்னல் உங்களுக்குப் பக்கத்திலயோ பின்னாலயோ இருக்கிற மாதிரி நில்லுங்க. திரைச்சீலையை முழுசா ஒதுக்குங்க, போன்ல எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில சமப்படுத்துற வசதி) இருந்தால் போட்டு விடுங்க, ஸ்கிரீன்ல இருட்டான சுவர்ப் பக்கம் ஒருக்காத் தட்டிப்போட்டு எடுங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கிட்ட இருக்கிற சுவர் வெளிறி, டைல்ஸ்ல ஒரு வெள்ளைப் பொட்டு விழும். பகல் வெளிச்சம் போதுமெண்டால் மஞ்சள் பல்பையும் நிப்பாட்டி விடுங்க, இல்லாட்டி ஒரு சுவர் நீலமாயும் மற்றச் சுவர் மஞ்சளாயும் நிக்கும், உண்மையான பெயின்ட் கலர் என்ன எண்டு ஒருத்தருக்கும் விளங்காது.

வெளிப்பக்கம் எடுக்கிற நேரமும் அப்பிடித்தான். கனபேர் மத்தியானம் சாப்பாட்டுக்கு முதல் ஓடிப்போய் எடுக்கிறாங்கள். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டின நாட்களிலயும் பிறகு ஆவணியிலயும் நடுமத்தியானத்தில சூரியன் நம்மட தலைக்கு நேர மேல நிக்கும், கூரைத் தாவாரத்துக்குக் கீழ விறாந்தை முழுக்கக் கறுத்துப் போகும். கடல் பக்கம், அதாவது கிழக்குப் பாத்த வீடெண்டால் காலமை ஏழில இருந்து ஒன்பதுக்குள்ள எடுங்க. மேற்குப் பாத்த வீட்டுக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்க, முன்சுவர் முழுக்க இளவெயில் விழும். இதுக்குக் காசு செலவில்ல, கொஞ்சம் பொறுமைதான் வேணும்.

இன்னொண்டு, லென்ஸைத் துடைக்கிறது. நாங்க கடக்கரையில இருக்கிற ஆக்கள், உப்புக்காத்தும் விரல் எண்ணெயும் சேந்து லென்ஸ்ல ஒரு மெல்லிய படலம் கட்டும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா படம் பனி மூடின மாதிரி வரும். கச்சான் காத்து அடிக்கிற காலத்தில புழுதியும் சேரும். ஒரு மெல்லிய பருத்தித் துணியால ரூமுக்கு ரூம் ஒருக்காத் துடைச்சாக் காணும்.

எனக்கு உண்மையிலயே கோவம் வாறது போன் கமராவில 0.5 எண்டு காட்டுற அகல லென்ஸைப் பாவிக்கிற விதத்திலதான். பத்துக்குப் பத்து ரூமை அதால எடுத்தால் கலியாண மண்டபம் மாதிரித் தெரியும், ஓரத்தில நிக்கிற அலுமாரி சரிஞ்சு வீங்கிப் போகும். அதை நம்பி வவுனியாவில இருந்தோ கொழும்பில இருந்தோ பஸ் ஏறி வந்த மனுசன் ரூம் வாசல்ல நிண்டு ஒண்டும் பேசாமத் திரும்பிப் போறதை நான் பக்கத்தில நிண்டு பாத்திருக்கிறன், அவருக்கு ஒரு நாள் போச்சு, வீட்டுக்காரருக்கு முகம் போச்சு. சாதாரண லென்ஸோட ரூமின்ர மூலையில முதுகைச் சுவரோட ஒட்டி நில்லுங்க, போனைப் படுக்கையாப் பிடிச்சு நெஞ்சு உயரத்தில வச்சு, மேலயும் கீழயும் சரிக்காம எடுங்க. கமராவில கிரிட் கோட்டை (ஸ்கிரீன்ல தெரியிற கட்டக் கோடுகளை) போட்டு வச்சால் கதவு நிலையும் சுவர் மூலையும் நேரா நிக்குதா எண்டு உடன தெரியும். பாத்ரூம் மாதிரிச் சின்ன இடத்துக்கு அந்த அகல லென்ஸ் தேவைப்படலாம், அப்ப ரூம் அளவை அடியில எழுதி விடுங்க.

எடுக்க முதல் வீட்டை ஒருக்கா வெளி ஆள் மாதிரிச் சுத்திப் பாருங்க. கதிரையில துவாய், குசினி சிங்கில கழுவாத சட்டி, டொய்லெட் மூடி திறந்தபடி, இதெல்லாம் தினமும் பாக்கிறதால எங்கட கண்ணில படாது. அந்த அக்கா வீட்டு ஹோல்ல ஆணியில போன வருசக் கலண்டர் தொங்கினது, மார்கழி மாசத் தாளோட. பெரிசாக்கிப் பாக்கிறவர், இது எத்தின மாசமா விலைப்படாம இருக்கிற வீடோ எண்டு யோசிப்பார், பிறகு விலையைக் குறைச்சுத்தான் கேப்பார். கலண்டரைக் கழட்டேக்க பிள்ளையளின்ர படம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கொழுக்கியில தொங்குற திறப்புக் கோர்வை எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சம். திறப்பின்ர தெளிவான படம் ஒண்டு இருந்தால் அதைப் பாத்து அதே மாதிரித் திறப்பு வெட்டேலும். காணி உறுதிப் பத்திரம், அடையாள அட்டைப் படங்களைப் பொதுவில போடவே போடாதேங்க, கேக்கிறவருக்குத் தனிய காட்டலாம்.

மறைக்கிற பழக்கம் அடுத்த பெரிய பிழை. வாடை மழை அடிச்சு ஓய்ஞ்ச பிறகு சுவர்ல ஈரக்கறை இருக்கும், அதைத் தவிர்த்துப் படம் எடுக்கிறது, வானத்தை எடிட் பண்ணி நீலமாக்கிறது, கேற்றுக்கு முன்னால நிக்கிற கரண்ட் போஸ்டை அழிக்கிறது. போஸ்ட் அங்கதான் நிக்கப்போகுது. கடலுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்கு முதல் படமா நிலாவெளிக் கடக்கரையைப் போடுறதும் இதே சாதிதான். முதல் படம் வீட்டின்ர முகமா இருக்கட்டும், கடக்கரை வேணுமெண்டால் கடைசியில, தூரத்தையும் எழுதி.

காணிக்கு எடுக்கிறது இன்னும் மோசமா நடக்குது. நடுவில நிண்டு நாலு பத்தையை எடுத்துப் போட்டால் அது சாம்பல்தீவா உப்புவெளியா, எது முன்பக்கம் எண்டு யாருக்கு விளங்கும்? ரோட்டில நிண்டு காணி முகப்பு முழுக்க ஒரு படம், ரோட்டின்ர அகலம் தெரிய இன்னொண்டு, பிறகு ஒவ்வொரு எல்லைக்கல்லையும் கிட்ட. தூரத்துக் கல்லுக்குப் பக்கத்தில ஒராளை நிப்பாட்டி எடுத்தால் அளவு உடன பிடிபடும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, இருபது பேர்ச் காணிக்கு அதை இருபதால பெருக்கிச் சொன்னாலும் வெளிநாட்டில வளந்த பிள்ளைக்கு அது கணக்குத்தான், அங்க நிக்கிற மனுசனைப் பாத்தால்தான் இடம் தெரியும். கிணறு இருந்தால் அதின்ர சுத்துக்கட்டையும் உள்ளுக்குத் தண்ணி மட்டத்தையும் எடுங்க. கடக்கரைப் பக்கக் காணிக்கு நல்ல தண்ணியா உவர்த்தண்ணியா எண்ட கேள்வி கட்டாயம் வரும், அதைப் படம் சொல்லாது, நீங்கதான் எழுதோணும்.

எல்லாம் ஒழுங்கா எடுத்துப்போட்டு புரோக்கருக்கு வட்ஸ்அப்பில சும்மா அனுப்புறதோட பாதித் தரம் போயிடும், அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், அவர் இன்னொராளுக்கு, அவர் இன்னொராளுக்கு எண்டு போகப் போகக் கதவு எது சுவர் எது எண்டு தெரியாது. வட்ஸ்அப்பில படமா அனுப்பாம டொக்கியூமென்ட் எண்டதைத் தெரிஞ்சு அனுப்புங்க, அப்ப தரம் குறையாது. அனுப்ப முதல் கேற்றில தொடங்கி விறாந்தை, ஹோல், ரூம், குசினி, பாத்ரூம், கிணத்தடி எண்டு நடந்து போற மாதிரி படங்களுக்கு நம்பர் போட்டு வையுங்க, விளம்பரம் ஏத்துறவர் அதே வரிசையில ஏத்துவார்.